நான் கோடு போடாத நாட்கள்

எய்யா,

இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே படிக்காதே. நீ சாப்பாட்டையே நின்றுகொண்டு முடிக்கிறவன் என்று எனக்குத் தெரியும். அந்த விடுதி அறையில் ஒரு நாற்காலியாவது இருக்கும், இழுத்துப் போட்டு உட்கார். இங்கே மழை இல்லை. மற்ற ஊரில் இதை வருத்தமாக எழுதுவார்கள், சிவகாசியில் நல்ல செய்தியாகத்தான் எழுதவேண்டும். காயப்போட்ட வெடி நனையவில்லை என்று உன் அப்பா நிம்மதியாக இருக்கிறார். உன் கார்டு திங்கட்கிழமை வந்தது. தீபாவளி முடிந்த மறுவாரம் மேல்படிப்புக்காகப் பம்பாயில் கப்பல் ஏறுகிறாய், மதராஸிலிருந்து நேரே ரயிலில் பம்பாய்க்குப் போகிறாய், ஊருக்கு வந்துபோக நேரமில்லை. நான்கே வரி. அதில் ஒரு வரி உன் தங்கை பாக்கியத்துக்கு. அப்பாவுக்கு ஒரு எழுத்துகூட இல்லை. கணக்குப் படித்தவன் பொய் சொன்னாலும் கணக்காகச் சொல்ல வேண்டாமா? தீபாவளிக்கும் உன் கப்பலுக்கும் நடுவே முழுசாக ஆறு நாள் கிடக்கிறது.

கோபித்துக்கொண்டு எழுதவில்லை. கோபப்படும் உரிமை எனக்கு இல்லை என்று சொல்லத்தான் இத்தனை தாளை எடுத்து வைத்திருக்கிறேன். சின்ன வயதில் உன்னை இந்த வீட்டுக்கு வரவிடாமல் வைத்தது அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் அவர் முகம் பார்த்து நீ பேசுவதில்லை, அதனால்தான் இப்போதும் வராமல் கப்பல் ஏறப் பார்க்கிறாய். வரவிடாமல் வைத்தது நான். அவர் இல்லை. இனிமேல் நீ எழுந்து நடந்துகொண்டே படித்தாலும் சரி, ஆனால் முழுவதும் படி.

சித்திரையில் நீ பாஸ்போர்ட் கையெழுத்துக்காக வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போன பிறகு எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மாடி அறையில் வெறுந்தரையில் படுத்துக்கொள்கிறேன். சிமெண்டுத் தரை முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். ஜன்னலில் வெள்ளை வெயில். பக்கத்து அச்சகத்தில் மெஷின் ஓடுகிற சத்தம் முதலில் கேட்கும், பிறகு பழகிப்போய்க் கேட்காமல் ஆகிவிடும். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் ஒரு மாதிரி மிதந்துகொண்டிருப்பேன். நாலு மணி வாக்கில் வெடிச் சத்தம் தொடங்கும். முதலில் புதுப்பட்டிப் பக்கம் ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து ஆனைக்குட்டம் போகிற சாலைப் பக்கம் ஒன்று. மறுபடி புதுப்பட்டி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பதில் சொல்வது மாதிரியே இருக்கும். இந்தக் கம்பெனிக்காரன் வெடித்ததைக் கேட்டு அந்தக் கம்பெனிக்காரன் வெடிக்கிறானோ, போட்டியோ என்று ஒரு வாரம் நினைத்துக்கொண்டு கிடந்தேன். எத்தனை மூச்சுக்குப் பிறகு பதில் வருகிறது என்றுகூட எண்ணிப் பார்த்தேன். ஒருநாள் மேகம் மூடிக் கிடந்தது. இரண்டு பக்கமும் சத்தமே இல்லை. அப்போதுதான் புரிந்தது. வெயில் தாழ்ந்ததும் காயப்போட்ட சரக்கை உள்ளே எடுப்பார்கள், எடுக்கும்போது ஒன்றிரண்டை வெடித்துப் பார்ப்பார்கள். வெயில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் தாழ்கிறது. அவர்கள் ஒருவரையொருவர் கேட்கவே இல்லை, எய்யா. உன் படிப்பை இப்படித்தான் நான் தரையில் படுத்துக்கொண்டு படித்தேன்.

அந்தச் சித்திரை மத்தியானத்தை நீ மறந்திருப்பாய். உனக்கு அது வெறும் சாப்பாட்டு நேரம். நீயும் அப்பாவும் எதிரெதிரே இலை போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். பாக்கியம் நடுவில். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். எட்டு வருஷமாக உங்கள் இருவருக்கும் நடுவே அவள்தான் தந்தி ஆபீஸ். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அம்புட்டுத் தூரம் போயி அப்படி என்னத்தப் படிக்கப் போறானாம்? கேளு பாக்கியம்." நீயும் அவளைப் பார்த்தே பதில் சொன்னாய். "மூளைக்குள்ள கோடிக்கணக்குல செல்லு இருக்கு பாக்கியம். ஒவ்வொண்ணும் அப்பப்ப மின்சாரத்துல சடக்குன்னு ஒரு தடவை வெடிச்சு அடங்கும். ரெண்டு செல்லுப் பக்கத்துல முடியவிட மெல்லிசா ரெண்டு கம்பிய வச்சா, எது எப்ப வெடிச்சுச்சுன்னு நேரத்தைக் குறிச்சுக்கிடலாம். குறிச்சுப் பாத்தா இது வெடிச்ச கொஞ்ச நேரத்துல அது வெடிக்கும். அடிக்கடி வெடிக்கும். ஏன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கணும்."

அப்பா கை அப்படியே நின்றது. "ஒண்ணு பத்தி இன்னொண்ணைப் பத்த வச்சுச்சா, இல்ல ரெண்டுக்கும் ஒரே திரியில நெருப்புப் போச்சான்னு எப்படிலே தெரியும்?" என்று கேட்டுவிட்டார். பாக்கியத்தைப் பார்த்து அல்ல, உன்னைப் பார்த்து. நீ நிமிர்ந்தாய். உன் முகத்தை நான் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய நாளில்கூட அப்படி இல்லை. "அதேதாம்ப்பா. அதுதான் முழுப் பிரச்சினையே. வெளிய இருந்து பாக்குறவனுக்கு ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும்" என்றாய். அப்பாவும் நீயும் எச்சில் கை காயக் காயப் பேசினீர்கள். சாம்பார் வாளியோடு நான் நின்றுகொண்டே இருந்தேன்.

நீ சொன்னது எனக்கு அச்சு மாதிரிப் பதிந்துவிட்டது. "மொதல்ல, சும்மா தற்செயலா எத்தனை தடவை பக்கத்துல பக்கத்துல வரும்னு தெரியணும்ப்பா. ஒரு பட்டியலை அப்படியே வச்சுக்கிட்டு இன்னொண்ணைக் கொஞ்சம் தள்ளி வச்சுப் பாக்கணும். தள்ளி வச்சும் அதே அளவு பொருந்துச்சுன்னா, அது உறவே இல்ல. அப்புறம் இது வெடிச்சு அது வெடிக்காம விட்டதையும் எண்ணணும். எல்லாரும் சேந்து வெடிச்சதை மட்டும்தான் எண்ணுவாங்க. கடைசியா, நாம கம்பி வைக்காத மூணாவது ஒண்ணு எங்கயோ ஒளிஞ்சு நின்னு ரெண்டையும் தட்டி விட்டிருந்தா, நம்ம கணக்கு அம்புட்டும் வீண்." இதைச் சொல்லிவிட்டு மோர் கேட்டாய். நான் சாம்பாரை ஊற்றினேன். அம்மாவுக்கு வயசாகிவிட்டது என்று நீங்கள் மூவரும் சிரித்தீர்கள்.

வயசாகிவிட்டதுதான். ஆனால் அதனால் ஊற்றவில்லை.

இப்போது உன் பதினோரு வயதுக்கு வா. படிப்பு நன்றாக இருக்கும் என்று உன்னை விருதுநகரில் என் அண்ணன் வீட்டில் விட்டிருந்தோம். மாமாவின் மிளகாய்க் கமிஷன் கடைக்குப் பின்னால் வீடு, நீ தும்மிக்கொண்டே படித்தாய். ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். நல்ல நாள், விசேஷம் என்றால் வருவாய், வேறு சில ஞாயிற்றுக்கிழமைகளிலும் வருவாய். அந்த வருஷத் தீபாவளிக்கு முந்தின நாள் நீ வந்தாய். தீபாவளி அன்று மத்தியானம், ஐந்து வயதுப் பாக்கியம் புதுப் பாவாடையோடு நடு வீட்டில் விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. உன் அத்தை ஓடிவந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தாள். பக்கத்து வீட்டுக்காரர் உன் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அடுத்தது தைப்பொங்கல். அதற்கும் நீ வந்திருந்தாய், அன்றும் விழுந்தாள். அடுத்து உன் சித்தப்பா கல்யாணம். காலை முகூர்த்தம் முடிந்து பந்தியில் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அப்படியே சாய்ந்தாள். அன்றைக்குத்தான் உன் அத்தை என் காதருகே சொன்னாள். "மதினி, சொல்றேன்னு கோவிச்சுக்காதீக. பெரியவன் காலடி வைக்கிற நேரமாப் பாத்துத்தான் சின்னவளுக்கு வருது. நீங்களே எண்ணிப் பாருங்க." அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். பழியை அவள் தலையில் போட மாட்டேன். அவள் எண்ணிப் பார் என்றாள். தப்பாக எண்ணியது நான்.

நம் ஊரில் காலண்டருக்குப் பஞ்சமா? எந்த வீட்டுச் சுவரிலும் மூன்று தொங்கும். நான் சமையலறைக் காலண்டரில் பாக்கியத்துக்கு வலிப்பு வந்த நாட்களுக்குச் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். நீ வந்த நாட்களுக்கு நீலக் கோடு. அதிலும் ஒரு திருட்டுத்தனம், எனக்கே தெரியாமல் செய்தது. சிவப்புக் கோடு போடும்போதுதான் நீலப் பென்சிலைத் தேடுவேன். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து, தங்கையோடு தாயம் உருட்டி, மாடியில் அவளைத் தோளில் தூக்கித் திரிந்து, ஒன்றும் நடக்காமல் சாயங்கால பஸ்ஸில் போவாயே, அந்த நாட்களுக்கு நான் கோடே போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? ஒன்றும் நடக்கவில்லையே. வருஷக் கடைசியில் காலண்டரைப் பார்த்தால் சிவப்பும் நீலமும் ஒட்டி ஒட்டி நின்றன.

அப்பாவிடம் போய் நின்றேன். "இனிமே அவன் இங்கன வரவேண்டாம். பரீட்சை, படிப்பு கெட்டுரும்னு எழுதிப் போடுங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏளா, உனக்குக் கிறுக்குப் பிடிச்சுருக்கா? பெத்த புள்ளைய ராசி பாத்து ஒதுக்குவாகளா?" என்று சத்தம் போட்டார். நான் அழவில்லை, எய்யா. அழுதிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். நான் சாப்பிடாமல் இருந்தேன். மூன்றாம் நாள் எழுதினார். அதோடும் விடவில்லை. இது என் யோசனை என்று உனக்கு ஒருநாளும் தெரியக்கூடாது என்று பாக்கியம் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினேன். பிள்ளை என்னை வெறுத்துவிடுவானோ என்ற பயம். ஒரு பயத்துக்காக உன்னை அனுப்பினேன், இன்னொரு பயத்துக்காக அவரைக் குற்றவாளியாக்கினேன். அவர் சத்தியத்தை மீறவில்லை. சத்தியத்தை உடைக்கிறது நான்தான், வாங்கினவளே உடைக்கிறேன்.

ஐந்து வருஷம். ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் உன்னை ஐந்து வருஷம் வைத்திருந்தேன். மாதம் ஒருமுறை நான் விருதுநகர் வந்து பார்ப்பேன், முறுக்கு கொண்டு வருவேன், நீ "எப்பம்மா வீட்டுக்கு வரலாம்?" என்று கேட்பாய், நான் "அப்பாகிட்ட கேக்கணும்" என்பேன். எவ்வளவு லேசாக அந்த வாய் பேசியது என்று இன்றைக்கு நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நீ வராத நாட்களிலும் பாக்கியத்துக்கு வந்தது, தெரியுமா? அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒருமுறை உன் கடிதம் வந்த மறுநாள் விழுந்தாள். சரி, கடிதம்தான் என்று முடிவு கட்டினேன். அதன்பிறகு நீ தங்கைக்கு எழுதியதையெல்லாம் தபால்காரரிடம் வாசலிலேயே வாங்கி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தேன். அண்ணன் எனக்கு எழுதுவதே இல்லை என்று அவள் முகம் சுண்டிக் கிடந்தாள். பிறகு அந்தத் தொந்தரவு குறைந்தது. மாதம் ஒன்று என்பது வருஷம் ஒன்று, இரண்டு என்றானது. பார்த்தீர்களா, நான் சொன்னேனே என்று அப்பாவிடம் ஜம்பம் வேறு. மதுரை டாக்டர் மாத்திரை கொடுக்கத் தொடங்கியதும் அதே வருஷம்தான். மாத்திரை செய்த வேலைக்கு நான் மாலை போட்டுக்கொண்டேன்.

பதினேழு வயதில் நீ யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி வந்தாய். நேரே அப்பாவின் வெடிக் கம்பெனிக்குப் போய், சரம் பின்னுகிற ஷெட்டுக்கு வெளியே எல்லோர் முன்னாலும் அப்பாவிடம் கேட்டாய், "நான் என்ன பாவம் பண்ணேன், என்னைய ஏன் வேண்டாதவனா வச்சுருக்கீக?" என்று. அவர் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. "கம்பெனிக்கு நீ லாயக்கில்ல. மெட்ராசுக்குப் போயிப் படி" என்றார். அன்று வீட்டுக்கு வந்து கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். நான் துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். அதன்பிறகு நீ வருஷத்துக்கு ஒருமுறை காலையில் வந்து சாயங்காலம் போகிற விருந்தாளி ஆனாய்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்துப் பாக்கியத்தை மதராஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தோமே, தலை முழுக்கப் பசை வைத்துக் கம்பி ஒட்டிய அந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். வரிசையாக எட்டுப் பேனா ஓடுகிற காகிதத்தில் அலை அலையாகக் கோடு போட்டுக்கொண்டே போயின. அவள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் தலைக்குள் நடப்பது காகிதத்தில் வந்து விழுகிறது என்று டாக்டர் சொன்னதும் எனக்கு எங்கேயோ மிதப்பது போல் ஆகிவிட்டது. என் வயிற்றில் வளர்ந்த பிள்ளை, அவள் தலைக்குள் இப்படி ஒரு எழுத்து ஓடிக்கொண்டிருந்ததா, இத்தனை நாள் யாரும் படிக்காமல். சாதாரண நேரத்தில் செல்கள் அதது தன் போக்கில் பேசிக்கொண்டிருக்கும், வலிப்பில் எல்லாம் ஒரே நேரத்தில் சேர்ந்து கத்தும், அதுதான் நோய் என்று அவர் விளக்கினார். சேர்ந்திருப்பதுதான் நல்லது என்று நினைத்து வாழ்ந்தவள் நான். நீ அந்தக் காகிதத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இரண்டு பேனா சேர்ந்து ஆடினால் அந்த இரண்டு இடமும் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று அர்த்தமா என்று கேட்டாய். "அதைக் கணக்குத் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்" என்று அவர் சிரித்தார். உன் வழி அன்றைக்குத் திரும்பியது. என் கவலையெல்லாம் நீயும் அவளும் ஒரே அறையில் இருக்கிறீர்களே என்பதுதான். மூன்று தடவை உன்னைக் காபி வாங்க அனுப்பினேன். புறப்படும்போது டாக்டர், "நன்றாகத் தூங்கட்டும்" என்றார். போய்வாருங்கள் என்று சொல்கிற மாதிரி அதை எடுத்துக்கொண்டோம்.

இந்தச் சித்திரையில் நீ ஊருக்குப் போன மறுநாள் பரணில் இருந்து காலண்டர்களை இறக்கினேன். சாமி படம் போட்ட காலண்டரைத் தூக்கி எறிய யாருக்கு மனசு வரும்? பதினாலு வருஷமும் அடுக்காக இருந்தன. முருகனும் மீனாட்சியும் லட்சுமியும் தரை முழுக்கப் பரப்பிக் கிடக்க, நடுவில் உட்கார்ந்து நீ சொன்ன மாதிரி எண்ணினேன். நீலக் கோட்டை ஒரு வாரம் தள்ளி வைத்துப் பார்த்தேன். ஞாபகம் இருந்தவரை, நீ வந்தும் ஒன்றும் நடக்காத ஞாயிற்றுக்கிழமைகளை எழுதினேன். எழுத எழுத வந்துகொண்டே இருந்தன, எய்யா. பாக்கியத்துக்கு நீ பட்டம் விடக் கற்றுக்கொடுத்த நாள். ஆனைக்குட்டம் ஆற்றில் தண்ணீர் பார்க்கக் கூட்டிப்போன நாள். பல் விழுந்த நாள். எத்தனை நல்ல நாட்கள், ஒன்றுக்கும் கோடு இல்லை. அப்புறம் ஒவ்வொரு சிவப்புக் கோட்டின் பக்கத்திலும் அன்று வீட்டில் என்ன விசேஷம் என்று எழுதிப் பார்த்தேன். தீபாவளி. தைப்பொங்கல். கல்யாணம். பங்குனிப் பொங்கல். அப்பாவுக்கு டைபாய்டு வந்த வாரம். எல்லாவற்றுக்கும் பொதுவாக என்னவோ இருப்பது தெரிந்தது. பெயர் வரவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாக்கியம் கொடியில் துணி எடுக்க மாடிக்கு வந்தாள். தரையில் கிடந்ததைக் குனிந்து பார்த்தாள். "என்னம்மா இது, எனக்கு வந்த நாளெல்லாமா?" என்றாள். ஆமாம் என்றேன். இதற்கெல்லாம் பொதுவாக என்ன இருக்கும் என்று சும்மா கேட்டேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "தூக்கமில்லாத நாளும்மா. தீபாவளிச் சீசன் முடியுற வாரம் வீட்டுல யாரு தூங்குனீக? லோடு ஏத்துறாக, விடிய விடிய ஆளு வரப்போக, நானும் முழிச்சுக் கிடப்பேன். மறுநாள் வரும். பொங்கலுக்கும் அப்படித்தான், கல்யாணத்துக்கும் அப்படித்தான். முந்தின நாள் சரியாத் தூங்கலைன்னா எனக்குக் காலையிலயே தெரிஞ்சுரும்." எவ்வளவு நாளாக உனக்கு இது தெரியும் என்றேன். "சின்னதுல இருந்தே." ஏன்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கத்திவிட்டேன். அவள் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள். "யாரு கேட்டீக?"

நீ விசேஷத்துக்கு வந்தாய். அவள் விசேஷத்தால் தூங்கவில்லை. அவ்வளவுதான் உங்கள் இருவருக்கும் உள்ள சம்பந்தம். ஒரே திரி. உன் அப்பா சோற்றில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷத்தில் கேட்ட கேள்வியை நான் பதினாலு வருஷம் கேட்கவில்லை.

அன்று அவளிடம் எல்லாம் சொன்னேன். அரிசிப் பானைக் கடிதங்களையும் எடுத்துக் கொடுத்தேன். பூச்சி அரித்தது போக முப்பது சொச்சம் இருந்தன. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், நீ பதிமூன்று வயதில் எழுதிய ஒரு கடிதத்தைக் கொண்டு வந்து சத்தமாகப் படித்தாள். மாமா கடையில் பூனை குட்டி போட்டிருக்கிறது, உனக்கு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு வருவேன் என்று இருந்தது. படித்து முடித்து, "அந்தப் பூனை என்னாச்சும்மா?" என்றாள். எனக்கு என்ன தெரியும்?

ஆராய்ச்சிக்குப் போகிறவனுக்கு எட்டாம் வகுப்புக்காரி புத்தி சொல்லக் கூடாது. இருந்தாலும் தப்பு செய்தவளுக்குக் கொஞ்சம் அருகதை உண்டு. அங்கே நீ இரண்டு கம்பி வைத்து, இரண்டும் சேர்ந்து வெடிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படும்போது, கொஞ்சம் பொறு. பயந்தவளின் கண்ணுக்கு எது வேண்டுமோ அதுதான் பொருந்தும். ஆசைப்பட்டவன் கண்ணுக்கும் அப்படித்தான் இருக்கும். ஒன்றும் நடக்காத நேரத்துக்கும் ஒரு கோடு போட்டு வை. உன் செல்லுக்கு வாய் இல்லை, அதனால் நீ கணக்குப் போட்டுத்தான் ஆகவேண்டும். வாய் இருக்கிற மனிதர்களிடம் கணக்குப் போடாதே, கேட்டுவிடு. நாளைக்கு ஒருத்தி உன்னோடு வாழ வருவாள், அவள் முகம் வாடியிருந்தால் நீ பட்டியல் எழுதிக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டிருக்காதே. என்னம்மா என்று ஒரு வார்த்தை கேள். என்னிடம் இல்லாத குணம் அது, உன் அப்பாவிடமும் பாதிதான் உண்டு.

அப்பா உன் கார்டை இரண்டு தடவை வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கப்பல்ல குளிரு ஜாஸ்தியா இருக்குமாம், கம்பளி வாங்கி அனுப்பணும்" என்றார். நான் இப்படி ஒரு கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேண்டாம் என்பார். பிள்ளை என்னைத் தப்பாக நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், பெற்றவளையுமா இழக்க வேண்டும் என்பார். இத்தனை வருஷமும் அதைத்தான் நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. நீ என்னை வெறுத்தால் வெறுத்துக்கொள். சொல்லும்போது சுலபமாக இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நீ வந்து அவர் எதிரே உட்கார்ந்து, நேராக அவரிடமே சோறு போதுமா என்று கேட்டால் போதும். மன்னிப்பு, கின்னிப்பு எல்லாம் அவருக்குக் கூச்சம்.

தீபாவளிக்கே வா. வேறு நாள் வேண்டாம். நான் அதிகம் பயந்த நாள் அதுதான், அதனால் அன்றைக்கே வா. இந்த வருஷம் சீசன் முடிகிற வாரம் பாக்கியத்தை நேரத்தோடு தூங்க வைப்பது என் பொறுப்பு. லோடு ஏற்றுகிற ஆட்களைக் கம்பெனியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டேன், மாத்திரையும் தவறாமல் கொடுக்கிறேன். ஆனாலும் உனக்கு ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இதெல்லாம் செய்தும் அன்று அவளுக்கு வரலாம். தூக்கம் மட்டுமே திரி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஒருமுறை சத்தியம் வாங்கிப் பட்டது போதும். வந்தால் பயப்படாதே. சாவிக்கொத்து எல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஒருக்களித்துப் படுக்க வைத்து, அது தானாக அடங்கும்வரை பக்கத்தில் இருந்தால் போதும். நீ தலைமாட்டில் உட்கார்ந்துகொள். அப்பா கால்மாட்டில் இருப்பார். நான் நேரம் பார்க்கிறேன். பதினாலு வருஷத்தில் ஒருமுறைகூட அவள் கண் விழிக்கும்போது நாம் மூன்று பேரும் சேர்ந்து அவள் எதிரே இருந்ததில்லை.

அம்மா